சார்ந்திருப்பவர்

வத்சலாவுக்குத்தான் மாற்றல்.
பெயின்ட் கம்பெனி, கொழும்புக் கிளை,
இரண்டு வருடம், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும்.
விசா படிவத்தில் என் பெயருக்கு நேரே
சார்ந்திருப்பவர் என்று இருக்கிறது.
தாரகைக்கு நேரேயும் அதுவே.
அவளுக்கு எட்டு வயது, எனக்கு நாற்பத்தொன்று.

"உன் வேலைய நான்தான விட வச்சேன்?"
ஃபேனைப் பார்த்தபடி கேட்டாள் ஓர் இரவு.
கான்ட்ராக்டர் மூன்று மாதமாகச் சம்பளமே தரவில்லை என்றேன்.
உண்மைதான்.
அவள் கேட்டது அதுவல்ல.

கேஸ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
எந்த ஏரியாவுக்கு சார் டிரான்ஸ்ஃபர்?
சொன்னேன்.
கம்ப்யூட்டரில் அந்த ஊர் இல்லை.
"சரண்டர்னு போட்டுடறேன்" என்றார்.
போடுங்கள் என்றேன்.

வெளியே ஆற்காடு சாலையில் மெட்ரோப் பள்ளம்.
புழுதியெல்லாம் நாங்கள் தின்றது,
ரயிலில் வேறு யாரோ போவார்கள்.

தூரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.
விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.
போன சனிக்கிழமை வளசரவாக்கத்திலிருந்து
பாரிமுனை போய்ச்சேர அதைவிட அதிகம் ஆனது.
கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம்.
காசுக்கும் ரூபாய் என்றே பெயர்,
நம் ஒன்றுக்கு அங்கே மூன்றுக்கு மேல் என்றதும்
தாரகை உண்டியலைக் கவிழ்த்து எண்ண உட்கார்ந்தாள்.
"அங்க போனா நான் பணக்காரி."

அவளுக்கு ஒரே ஒரு குறை.
பெசன்ட் நகரில் கடலிலிருந்து எழுகிற சூரியன்
அங்கே கடலுக்குள் போய்விடுமாம்.
"அப்போ காலையில எங்கருந்து வரும்?"
பில்டிங்குக்குப் பின்னாடியிருந்து என்றேன்.
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, தடுப்பூசி அட்டை,
எல்லாம் மூன்று மூன்று பிரதி.
பத்து வருடமாக சுகிர்தாக்காவின் ஜெராக்ஸ் கடைதான்.
"இன்னா சார், வூடு வாங்கிட்டியா?"
என்று காகிதக் கட்டை வாங்கிக்கொள்கிற குரல்.
கொழும்பு என்ற எழுத்து
கண்ணாடிமேல் கவிழும்போது பார்த்துவிட்டார்.
மூடியைப் பிடித்தபடியே நின்றார்.
பச்சை வெளிச்சம் அவர் கழுத்தில் ஊர்ந்து போனது.

"நீங்க அந்தப் பக்கமா?" என்று கேட்டேன்,
பத்து வருடத்தில் முதல்முறையாக.
"ஓம்."
சொன்ன பிறகு, அந்தச் சொல் யாருடையது என்பதுபோல்
ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.
"ஆமா சார். மன்னாரு. தொண்ணூறுல வந்தோம்.
கடல்ல ஒரு ராத்திரி, மணல் திட்டுல ஒரு ராத்திரி.
உங்களுக்கு எத்தினி மணி நேரம்?"
எனக்கு வாய் வரவில்லை.
"சீக்கிரம் போயிடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

நாற்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
நூறாகக் கொடுத்தேன்.
பதினாறு ரூபாயை எண்ணி வைத்தார்,
கூட்டாமல், குறைக்காமல்.
அவர் பையன் போரூரில் பிறந்தவன்,
பி.காம். முடித்தவன்,
எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவன் என்பதை
பக்கத்து டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.
என் கையிலோ மூன்று பேருடையது,
ரப்பர் பேண்ட் போட்டு.

இரவு பிராட்பேண்டை நிறுத்தப் போன் செய்தேன்.
வீடு மாறுகிறீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும்.
ஊர் மாறுகிறீர்கள் என்றால் இரண்டு.
சேவையில் திருப்தி இல்லை என்றால் மூன்று.
உள்ளே டேப் கிழியும் சத்தம்.
ஒரு பெட்டியை ஒட்டி முடித்துவிட்டு
அதன்மேல் என்ன எழுதுவது என்று கேட்கிறாள் வத்சலா.
என்ன வைத்தாய் என்று நான் கேட்கிறேன்.
ஞாபகமில்லை என்கிறாள்.
காதில் அந்தக் குரல்
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது.